விடை சொல்லாத விடைபெறல்

நெடுந்தொடர் ஒன்றைத் தொடங்குவது எளிது, முடிப்பதே அரிது. வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். ஆண்டுக்கணக்கில் நம்மை ஏங்க வைத்த கதை, இறுதி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரே பந்தலில் கூட்டி வைத்து, வாழ்த்துக் கூறி அனுப்பிவிடும். மகிழ்ச்சியோடுதான் இதழை மூடுவோம். ஆயினும் உள்ளத்தின் ஓர் ஓரத்தில் ஏதோ ஒன்று குறையும். அக்குறை எதுவென்று ஆராய, கதை நூல் அல்லாத ஒரு படைப்பை இங்கு எடுத்துக்கொள்கிறேன். இளைஞர்கள் உள்ளங்கையில் வைத்து ஆடும் விளையாட்டுத் தொடர் அது. அதையும் ஒரு கலைப்படைப்பாகக் கருதி மதிப்பிடுவதே முறையாகும்.

ஜப்பானிய நிறுவனமான அட்லஸ், 2007ஆம் ஆண்டு நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக 'எட்ரியன் ஒடிஸி' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆடுபவர் தாமே சில கதைமாந்தரை உருவாக்கி, அவர்களை வளர்த்து வழிநடத்தும் வகையைச் சேர்ந்தது இது. வானளாவிய உலக மரம். அதன் அடியில் பல அடுக்குகளாக இறங்கிச் செல்லும் புதிர்க்காடு. அதனுள் நுழையும் ஐவர் குழு. கதை இவ்வளவே. ஆனால் வேறெங்கும் எளிதில் காணாத சிறப்பு ஒன்று இதற்கு உண்டு. அக்கருவிக்கு இரண்டு திரைகள். மேல்திரையில் காடு தெரியும். கீழ்த்திரையில் வெறும் கட்டத்தாள் விரிந்திருக்கும். ஆடுபவர் சிறு எழுதுகோலால் சுவர்களையும் கதவுகளையும் தம் கையாலேயே வரைந்துகொள்ள வேண்டும். வரைபடத்தைத் தவறாக வரைந்தவர் வழி தவறுவார். நாம் ஓரடி வைத்தால் தானும் ஓரடி வைக்கும் கொடிய விலங்குகள் அக்காட்டில் உலவும். அவற்றைக் கண்டால் பின்வாங்கத் தெரிய வேண்டும். பணிவைக் கற்பிக்கும் விளையாட்டு அது என்றால் மிகையாகாது.

அதன் முடிவைச் சொல்லாமல் மேற்கொண்டு பேச இயலாது. நான்காம் அடுக்கில், காட்டையே தம் வீடாகக் கொண்ட மக்களை ஆடுபவர் சந்திக்கிறார். அவர்களை அழித்தொழிக்குமாறு எட்ரியா நகர ஆட்சிமன்றம் ஆணையிடுகிறது. ஆணையை நிறைவேற்றிக் கீழிறங்கினால், ஐந்தாம் அடுக்கில் மரவேர்கள் பின்னிக் கிடக்கும் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அது டோக்கியோ மாநகரின் ஷின்ஜுக்கு. இதுகாறும் ஏதோ கற்பனை உலகம் என்று எண்ணியிருந்த இடம், அழிந்துபோன நம் உலகமே என்பது அப்போதுதான் விளங்குகிறது. மாசடைந்த மண்ணைத் தூய்மையாக்க நடப்பட்டதே அந்த மரம்.

அங்கே வழிமறித்து நிற்பவர் நகரத்தின் தலைவரேதான். புதிர் இருக்கும்வரைதான் வீரர்கள் எட்ரியாவை நாடி வருவார்கள். அவர்கள் வரும்வரைதான் நகரம் பிழைக்கும். எனவே, காட்டின் மறைபொருள் வெளிப்படலாகாது என்பது அவர் வாதம். அவரை வீழ்த்தி வென்ற பிறகும் நமக்கு வெற்றிக்களிப்பு வருவதில்லை. அறியும் ஆவலுக்கு நாம் கொடுத்த விலை என்ன, அதைப் பிறர் தலையில் சுமத்தினோமே என்ற உறுத்தலே எஞ்சுகிறது.

இத்தொடர் பின்னர் ஐந்து முதன்மைப் பாகங்களாக வளர்ந்தது. முதலிரு பாகங்கள் புதிய கதையோடு மறுஆக்கமும் பெற்றன. கருவியும் நின்டெண்டோ 3டிஎஸ் ஆக மாறியது. அந்தக் கருவியில் இத்தொடரின் கடைசிப் படைப்பாக 'எட்ரியன் ஒடிஸி நெக்சஸ்' 2018இல் ஜப்பானிலும், 2019இல் மேலைநாடுகளிலும் வெளிவந்தது. அது நிறைவு தருகிறதா என்பதே நம் கேள்வி.

விருந்து என்ற அளவில் அது பெருவிருந்தே. மொத்தம் பத்தொன்பது போர்த்தொழில்கள். அவற்றுள் பதினெட்டு முந்தைய பாகங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. பழைய காடுகள் மீண்டும் திறக்கின்றன. தொடக்கம் முதல் இத்தொடருக்கு இசையமைத்துவரும் யூசோ கோஷிரோவின் மெட்டுகள் மீண்டும் ஒலிக்கின்றன. யூஜி ஹிமுகாய் வரைந்த முகங்கள் மீண்டும் நம்மை நோக்குகின்றன. கையால் வரைபடம் தீட்டும் இன்பமும் குன்றாமல் இருக்கிறது. பதினோர் ஆண்டுகள் உடன் நடந்த ஒருவருக்கு, ஊர்த் திருவிழாவில் பழைய நண்பர்களை ஒருசேரக் கண்டதுபோன்ற மகிழ்ச்சியை இது தரும். அம்மகிழ்ச்சியை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் கதையோ? மகினியா என்னும் பறக்கும் கப்பல்நகரம், இளவரசி பெர்செபோனியின் தலைமையில் லெமூரியாத் தீவுகளைத் தேடி வருகிறது. லெமூரியா என்றவுடன் தமிழ் வாசகரின் செவி கூர்மையடையும். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலாளர், லெமூர் என்ற விலங்கின் பரவலை விளக்குவதற்காகக் கற்பித்த நிலப்பரப்பின் பெயர் அது. பின்னாளில் நம்மவர் அதைக் கடல்கொண்ட குமரி நாட்டோடு இணைத்து எண்ணிப் பெருமூச்செறிந்தனர். இழப்பின் ஏக்கம் முழுவதையும் சுமந்த பெயர் அது. நெக்சஸ் அதை வெறும் பெயர்ப்பலகையாகவே பயன்படுத்துகிறது. மறைந்த நாகரிகம், அது அடைத்துவைத்த பேராபத்து, அதை வெல்லும் வீரர்கள் என்று கதை சமதளத்தில் நடந்து முடிகிறது. நம் கைகளில் யாருடைய குருதியும் படிவதில்லை. நம் மனச்சான்றை நோக்கி யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இதில் புதிதாகச் சேர்ந்த ஒரே தொழிலின் பெயர் 'வீரன்'. அவன் வாள் வீசியபின் அவனுடைய நிழலுரு ஒன்று களத்தில் நின்று, அவன் செய்ததையே திரும்பச் செய்யும். ஆட்டத்தில் அது பயனுள்ள உத்திதான். எனினும் அதைக் காணும்தோறும், இப்படைப்பு முழுவதுமே முன்னவற்றின் நிழலுருவோ என்ற எண்ணம் எனக்கு எழாமலில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. "விடைபெறும் வேளையில் விருந்து போதாதா? பிரியும்போதும் மனத்தைக் கீற வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நினைவுகூர்தல் வேறு, நிறைவுசெய்தல் வேறு. நினைவுகூரும்போது நடந்தவற்றை வரிசையாக அடுக்குகிறோம். நிறைவுசெய்யும்போது அவற்றின் பொருளைச் சொல்கிறோம். புதிர் தீர்ந்தால் நகரம் வெறுமையாகிவிடும் என்று எட்ரியாவின் தலைவர் அஞ்சினாரே, அந்த அச்சமே பிற்காலத்தில் இத்தொடரையும் பற்றிக்கொண்டது போலும். முதல் படைப்பு அவருடைய வாதத்தை மறுத்து, உண்மையை வெளியே கொணரும் துணிவு பெற்றிருந்தது. இறுதிப் படைப்போ அவர் பக்கம் நின்றுவிட்டது. கதவு திறந்தே இருக்கட்டும், எவருக்கும் எதுவும் முடிந்துவிட வேண்டாம் என்கிறது.

அப்படியானால் முடிவு எங்கே வந்தது? கதைக்குள் வரவில்லை, கருவியில் வந்தது. 3டிஎஸ் கருவியின் உற்பத்தி 2020இல் நின்றது. அதற்கான இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச்சில் முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் மூன்று பாகங்கள் மெருகேற்றப்பட்டு, ஸ்விட்ச் கருவிக்கும் கணினிக்கும் வெளிவந்தன. ஆனால் அங்கே இருப்பது ஒரே திரை. காட்டையும் கட்டத்தாளையும் ஒரே பலகையில் அருகருகே ஒட்டிவைக்க வேண்டியதாயிற்று. மேலே காடு, கீழே நம் கைவரைவு என்ற அந்தப் பழைய உறவு அங்கு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: நெக்சஸ் நம் பசியைத் தணிக்கிறது, கேள்வியைத் தணிக்கவில்லை. இத்தொடருக்குப் புதியவர் நெக்சஸிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் பாகத்தில் வழிதவறி, மனம் உறுத்தி, பின்பு இவ்விருந்துக்கு வரட்டும். ஏற்கெனவே உடன் நடந்தவர்கள், பழைய கருவி இன்னும் இயங்குமானால், அதைத் திறந்து தாம் வரைந்த படங்களைப் பார்க்கட்டும். அவற்றில் கோணலான சுவர்கள் இருக்கும். ஆபத்து என்று பதறிக் குறித்த அடையாளங்கள் இருக்கும். திரும்பிவந்து திருத்திய வழிகள் இருக்கும். படைத்தவர்கள் எழுதாமல் விட்ட இறுதிப் பக்கத்தை ஆடியவர் கை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.