நரையும் கரையும்: புறநானூற்று முதியோர் இருவர்

முதுமையைப் பொருளாகக் கொண்ட புறநானூற்றுப் பாடல்களுள் பிசிராந்தையாரின் 191ஆம் பாடலும், தொடித்தலை விழுத்தண்டினாரின் 243ஆம் பாடலும் சிறப்பாக நோக்கற்பாலன. முன்னது, ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகின்றது. பின்னது, கோலூன்றி இருமலிடையே பேசும் முதியவர், மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த தம் இளமையை நினைந்திரங்குவதாக அமைகின்றது.

191ஆம் பாடலை மனநிறைவின் வெளிப்பாடாகக் கொள்வதே பெருவழக்கு. அது போதிய விளக்கமன்று. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் எனப் புலவர் சுட்டும் காரணங்களுள் ஒன்றேனும் அவர்தம் உணவையோ உடற்பயிற்சியையோ பற்றியதன்று. முதுமையின் நலம் சமூக உறவுகளின் விளைவு என்பதே பாடலின் உட்கிடை. எனினும், அவ்வேவலர் எங்ஙனம் முதுமையடைந்தனர், மனைவிக்கு நரை தோன்றிற்றா என்பன குறித்துப் பாடல் மௌனஞ் சாதிக்கின்றது. இஃது இல்லமுடைய ஆடவனின் முதுமை என்னும் எல்லையை நாம் மறத்தலாகாது.

இவ்வெல்லை இன்றைய வாழ்விலும் புலப்படுகின்றது. திருகோணமலை மாவட்டத்தின் வடகரையிலுள்ள புல்மோட்டையைக் கருதுக. கடலும் இல்மனைற்று மணலும் அவ்வூரின் இருபெருஞ் செல்வங்கள். 1957இல் நிறுவப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனம் இன்று அரச கம்பனியாக இயங்குகின்றது. மணல் அகழும் ஊழியருக்கு 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேமலாப நிதி உண்டு. தொழில்கொள்வோர் இல்லாத மீனவருக்கு அஃதில்லை. 1990இல் மீனவர் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டதாயினும், அதன் பயன் மீனவர் செலுத்தும் தவணைப்பணத்தைப் பொறுத்தது. வாடைக் கொந்தளிப்பிற் கடலுக்குப் போகவியலாதவர் தவணையை எங்ஙனம் தவறாது செலுத்துவார்?

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பேணுதலைப் பிள்ளைகளின் கடமையாக்குகின்றது. பிள்ளைகளற்ற, அல்லது அவர்களாற் கைவிடப்பட்ட வறியோருக்கு உறைவிடமளிப்பதை அரசின் பொறுப்பாக்குகின்றது. இங்கு வேந்தன், மக்கள் தவறிய பின்னரே வருகின்றான். பிசிராந்தையாரோ இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். மகனும் அதே கடலை நம்பி வாழுமிடத்து, இவ்வேறுபாடு வெறும் இலக்கிய நயமன்று. அடுத்தவேளை உணவைப் பற்றியது.

243ஆம் பாடலின் முதியவர் இழந்தது உடல்வலியை மட்டுமன்று. தம் பாய்ச்சலைக் கண்டு வியந்த கரையோரையும் இழந்தார். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த முதுமீனவரிடம் கேட்டறிய எவருமில்லையாயின், அவர் நிலையும் அதுவே. ஆதலின் இவ்விரு பாடல்களையும் இணைத்தே பயிலல் வேண்டும். தனித்துப் பயிலின், ஒன்று அறிவுரையாகவும் மற்றது புலம்பலாகவும் சுருங்கிவிடும். இணைத்துப் பயிலின், முதியோருக்குச் சமூகம் கடன்பட்டது யாது என்னும் வினா எழும்.