ஒருவருக்கு இதயம், இன்னொருவருக்குப் புதிர்: ஜப்பானியக் குற்றப் புனைவில் ஒரு வாசிப்பு வழி

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலைப் படித்து முடித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: இதைப்போல வேறு என்ன இருக்கிறது? கேட்பவர் அந்த நாவலில் எதைக் கண்டு சொக்கிப்போனார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே புத்தகத்தை இருவர் இரண்டு விதமாகக் காதலிக்கிறார்கள். இருவருக்கும் ஒரே நாவலைப் பரிந்துரைத்தால் ஒருவர் ஏமாந்துபோவது நிச்சயம்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். இந்தியில் சுஜாய் கோஷ் 2023இல் இதை 'ஜானே ஜான்' என்று படமாக்கினார். தமிழில் 2019இல் வந்த 'கொலைகாரன்' படத்திலும் இதன் சாயலைப் பார்த்தோம். தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை யாசுகோ தன் வீட்டிலேயே கொன்றுவிடுகிறாள். அடுத்த வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி உதவிக்கு வருகிறார். யார் கொன்றது, எதனால், எங்கே என்பதெல்லாம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது இஷிகாமி போலீசுக்கு என்ன கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்பதுதான்.

2005இல் வெளிவந்து நவோகி விருது பெற்ற இந்த நாவலைப் பற்றி ஜப்பானில் பெரிய சர்ச்சையே நடந்தது. அங்கே 'ஹோன்காக்கு' என்று ஒரு மரபு உண்டு. துப்பறிபவர் கையில் இருக்கும் தடயங்கள் எல்லாம் வாசகர் கையிலும் இருக்க வேண்டும், விடை நேர்மையாகக் கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த நாவல் அந்த விதிக்குள் அடங்குமா என்று எழுத்தாளர் ரெய்ட்டோ நிகாய்டோ கேள்வி எழுப்பினார். மற்றவர்கள் மறுத்து எழுதினார்கள். கடைசியில் ஹோன்காக்கு விருதும் அதற்கே கிடைத்தது. அந்தச் சர்ச்சையை வெறும் இலக்கணச் சண்டையாக நான் பார்க்கவில்லை. நாவலுக்குள்ளேயே இரண்டு மரபுகள் ஓடுகின்றன. ஒன்று புதிரின் மரபு. மற்றொன்று, ஒரு மனிதனை அந்தப் புதிர்வரை தள்ளிக்கொண்டு வந்த வாழ்க்கையின் மரபு. அடுத்து எந்தப் புத்தகம் என்பதை இந்த இரண்டில் எது உங்களைப் பிடித்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிர்தான் பிடித்தது என்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எட்கர் ஆலன் போவின் பெயரையே புனைபெயராக ஆக்கிக்கொண்ட எடோகாவா ராம்போ 1923இல் முதல் கதையை வெளியிட்டார். அவரை வரலாற்றுக்காகப் படிக்கலாம். ஆனால் இன்றும் ஒரே மூச்சில் படிக்க வைப்பவர் சேய்ஷி யோகோமிசோ. போர்க்காலத்தில் டோக்கியோவை விட்டு ஒகயாமா கிராமப்புறத்துக்கு இடம்பெயர்ந்த அவர், அங்கே பார்த்த பழைய பெருவீடுகளையும் அவற்றின் சாதிப் பெருமையையும் பங்காளிப் பகையையும் கதைக்களமாக்கினார். 1946இல் தொடராக வந்த 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' அவருடைய துப்பறிவாளர் கிண்டாய்ச்சியை அறிமுகப்படுத்தியது. கல்யாண இரவு. வெளியே பனி. நள்ளிரவில் கோட்டோ என்ற நரம்பு வாத்தியம் வெறிபிடித்ததுபோல ஒலிக்கிறது. கதவை உடைத்து உள்ளே போனால் மணமகனும் மணமகளும் வெட்டுண்டு கிடக்கிறார்கள். வாள் தோட்டத்துப் பனியில் குத்தி நிற்கிறது. சுற்றிலும் காலடித் தடமே இல்லை.

உள்பக்கம் பூட்டிய அறையில் நடக்கும் கொலை மேற்கில் அரைத்த மாவுதான். யோகோமிசோ அதற்குப் புதிதாகக் கொடுத்தது காரணம். அந்தக் குடும்பத்தின் கௌரவத்தைப் பற்றித் தெரியாதவருக்கு அந்தக் கொலையின் வழிமுறை அர்த்தமற்ற சர்க்கஸாகத்தான் படும். தெரிந்தவருக்கு அது தவிர வேறு வழியே இருந்திருக்காது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படித்து, பேயா விஞ்ஞானமா என்று கணேஷோடும் வசந்தோடும் சேர்ந்து திண்டாடிய தமிழ் வாசகருக்கு 'தி வில்லேஜ் ஆஃப் எய்ட் கிரேவ்ஸ்' ரொம்பவும் பிடிக்கும். கிராமத்துச் சாபமும் நேரடிப் பேராசையும் அதில் கடைசிவரை பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன.

இந்த மரபு நடுவில் மங்கி, சோஜி ஷிமாடாவின் 'தி டோக்கியோ சோடியாக் மர்டர்ஸ்' (1981) மூலமாக உயிர்பெற்றது. அதில் ஆசிரியர் கதையை நிறுத்தி, எல்லாத் தடயமும் உங்களிடம் இருக்கிறது, இப்போது சொல்லுங்கள் என்று வாசகரைச் சவாலுக்கு அழைக்கிறார். முதல் நாற்பது பக்கங்கள் கடினமானவை. பொறுத்துக்கொள்ளுங்கள், விடை அதற்குத் தகுந்தது. கியோட்டோ பல்கலைக்கழக மர்மக் கதைச் சங்கத்திலிருந்து வந்த யுகிட்டோ அயாட்சுஜியின் 'தி டெக்ககன் ஹவுஸ் மர்டர்ஸ்' (1987) அப்படிப் பொறுமையே கேட்பதில்லை. ஒரு தீவு, பத்துமூலை வீடு, எல்லரி, அகதா என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட மாணவர்கள். கடைசியில் வரும் ஒரே ஒரு வரியில் எல்லாம் தலைகீழாகும். அந்த வரியை யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இஷிகாமியின் தனிமை உங்களைத் தொட்டது என்றால் வேறு கதவைத் திறக்க வேண்டும். அதைத் திறந்துவைத்தவர் சேய்ச்சோ மாட்சுமோட்டோ. வறுமையில் வளர்ந்து, நாற்பதை எட்டும்போதுதான் எழுத வந்த அவர், வினோத மாளிகைகளையும் மேதாவித் துப்பறிவாளர்களையும் ஒதுக்கிவிட்டுக் குமாஸ்தாக்களையும் ஊழல் அதிகாரிகளையும் எழுதினார். 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' 1957இல் ஒரு பயண இதழில் தொடராக வரத் தொடங்கியது. ஃபுகுவோகாவின் கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் விஷம் குடித்து இறந்துகிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று எல்லாரும் முடிவுகட்டுகிறார்கள். கோட்டு நைந்துபோன உள்ளூர்த் துப்பறிவாளர் தோரிகாய்க்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இறந்தவரின் பையில் கிடைத்த ரயில் உணவகப் பெட்டி ரசீதில் ஒருவருக்கான சாப்பாடு என்றிருக்கிறது. சாகப்போகிற காதலர்கள் ஒன்றாகப் பயணம் செய்தால் அவர் மட்டும் ஏன் தனியாகச் சாப்பிட்டார்?

நாவல் முழுவதும் இந்தச் சின்ன உறுத்தலிலிருந்துதான் விரிகிறது. டோக்கியோ நிலையத்தில் 13ஆம் நடைமேடையில் நிற்பவர் 15ஆம் நடைமேடையைப் பார்க்க முடிவது, நடுவில் ரயில் எதுவும் நிற்காத 4 நிமிடம் மட்டுமே. அந்த 4 நிமிடத்தில் யாரோ யாரையோ பார்த்தது தற்செயலா? மாட்சுமோட்டோ அன்றைய நிஜ ரயில் கால அட்டவணையைக் கொண்டே கதையைக் கட்டினார். கொலையாளி யாரென்று நமக்குச் சீக்கிரமே சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் அவருடைய ஒவ்வொரு சாட்சியமும் உடையும்போது அரசு அலுவலகத்தின் மேல்மாடி வரை அழுகல் தெரிகிறது.

மாட்சுமோட்டோ வழியில் வந்தவர்களில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது மியுகி மியாபேயின் 'ஆல் ஷி வாஸ் வொர்த்' (1992). காணாமல்போன ஒரு மணப்பெண்ணைத் தேடும் கதை, மெல்ல மெல்லக் கிரெடிட் கார்டுக் கடனின் கதையாகிறது. கடன்காரர்கள் விரட்டும்போது ஒரு பெண் தன் பெயரையே விட்டுவிட்டு இன்னொருத்தியாக வாழத் துணிவது எப்படி என்பதை மியாபே கடன் வட்டியைக் கணக்கிட்டுக் காட்டுவதுபோல நிதானமாகக் காட்டுகிறார். கடன் செயலிகளின் மிரட்டல் செய்தியாகிவிட்ட இந்தக் காலத்தில் அது பழைய நாவலாகவே தோன்றவில்லை. நட்சுவோ கிரினோவின் 'அவுட்' (1997) இன்னும் கடுமையானது. மதிய உணவுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையின் இரவுப் பணிப் பெண்கள் ஒரு பிணத்தை அப்புறப்படுத்த உதவுகிறார்கள். மனம் திடமாக இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

இரண்டு மரபும் ஒரே இடத்தில் சேர்வதைப் பார்க்க விரும்புபவருக்கு ஹிடேயோ யோகோயாமாவின் 'சிக்ஸ் ஃபோர்' (2012). இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு நாவலைத்தான் எடுத்துப் போகலாம் என்றால் இதைத்தான் உங்கள் கையில் தருவேன். பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரி 7 அன்று இறந்தார். அவருடைய ஆட்சிக்காலமான ஷோவாவின் 64ஆம் ஆண்டு 7 நாளோடு முடிந்தது. நாவலில் அந்த 7 நாளுக்குள் கடத்திக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கு தேசத் துக்கத்தின் அடியில் புதைந்துபோனது. 14 ஆண்டுகள் கழித்துக் கதை தொடங்குகிறது. அப்போதைய ஜப்பானியச் சட்டப்படி இதுபோன்ற வழக்குக்கு 15 ஆண்டுதான் கெடு. மிச்சமிருப்பது ஓராண்டு. நாயகன் மிகாமி இப்போது துப்பறிவாளர்கூட இல்லை, காவல்துறையின் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. தன் மகளே வீட்டைவிட்டுப் போய்விட்ட தகப்பன்.

ஒரு விபத்தை உண்டாக்கிய கர்ப்பிணியின் பெயரை வெளியிட வேண்டுமா கூடாதா என்று நிருபர்களோடு நடக்கும் சண்டையிலேயே நூற்றுக்கணக்கான பக்கங்கள் போகின்றன. இதற்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் நடுவில் கைவிட்டதாகச் சொல்கிறார்கள். கைவிடாதீர்கள். யோகோயாமா 12 ஆண்டு நிருபராக வேலை பார்த்தவர், அலுவலகத்தில் எது எப்படி மூடிமறைக்கப்படும் என்று அவருக்குத் தெரியும். கடைசி நூறு பக்கங்களில் அத்தனை சலிப்பும் தடயமாக மாறி நிற்கும்.

புதியவற்றில், முகமூடியோடு மட்டுமே வெளியே வரும் யூடியூப் படைப்பாளி உகெட்சுவின் 'ஸ்ட்ரேஞ்ச் பிக்சர்ஸ்', 'ஸ்ட்ரேஞ்ச் ஹவுசஸ்' இரண்டும் 2025இல் ஆங்கிலத்தில் வந்தன. வீட்டு வரைபடத்தில் கதவே இல்லாத ஒரு சிறு இடைவெளி ஏன் என்று தொடங்கும் இரண்டாவது நாவலை ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஆனால் அதன் பாத்திரங்கள் மனதில் தங்குவதில்லை, புதிர்ப் பிரியர்களுக்கு மட்டும். அசாகோ யுசுகியின் 'பட்டர்' துப்பறியும் நாவல் என்ற எதிர்பார்ப்போடு எடுத்தால் ஏமாற்றும். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணையும் அவள் சமையலையும் பற்றிய நாவல் என்று எடுத்தால் பசியைக் கிளப்பும். அகிரா ஓட்டானியின் 'தி நைட் ஆஃப் பாபா யாகா' சாம் பெட்டின் மொழிபெயர்ப்பில் 2025இல் பிரிட்டனின் டேகர் விருதை வென்றது. மிக மெல்லிய புத்தகம், மிக வேகம், அடிதடி அதிகம்.

ஹிகாஷினோவிடமே இருக்க விரும்புபவர்களுக்கு 'மாலிஸ்' இருக்கிறது. கொலைகாரன் யாரென்று தெரிந்து, அவனே ஒப்புக்கொண்ட பிறகும் துப்பறிவாளர் காகா விடமாட்டேன் என்கிறார், ஏன் செய்தான் என்பதில் ஒரு பொய் இருக்கிறது என்று. காகாவின் இன்னொரு முகம் 'நியூகமர்' நாவலில். டோக்கியோவின் பழைய வணிகப் பகுதியான நிங்யோச்சோவில் அரிசி அப்பளக் கடை, கடிகாரக் கடை, கைவினைப் பொருள் கடை என்று பெரும்பாலான அத்தியாயங்கள் ஒவ்வொரு கடையாக நகர்கின்றன. கொலை எங்கோ பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு கடையிலும் யாரோ தங்கள் வீட்டாரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கிறார்கள், காகா அதை அவிழ்த்து, காரணம் தெரிந்ததும் பலவற்றை வெளியே சொல்லாமல் விட்டுவிடுகிறார். 'சஸ்பெக்ட் எக்ஸ்' முடித்து மனம் கனத்துப்போனவர்கள் முதலில் இதை எடுக்கலாம், 'சிக்ஸ் ஃபோர்' அதற்குப் பிறகு.