மாடி யாருது? சேதராப்பட்டிலிருந்து சூரிய வீடு திட்டத்தைப் பார்த்தால்

முதல்லயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் ஓடுகிறது. கரண்ட் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு ரொம்ப நாளாச்சு. ஆகவே இது திட்டம் பிடிக்காத ஆள் எழுதும் விமர்சனம் இல்லை. அதில் பலன் பெற்றவனுக்கு உறுத்திய ஒரு விஷயம்.

உறுத்தல் தொடங்கிய இடம் சேதராப்பட்டு. புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். பிப்டிக் தொழிற்பேட்டை இருப்பதால் ஷிப்ட் முடியும் நேரத்தில் சாலையே நிறைந்துவிடும். விழுப்புரம், வானூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பையன்கள் எனப் பலரும் சுற்றுவட்டாரத்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். வரிசையாகப் பத்து அறை, பொதுக் குழாய், மேலே மொட்டை மாடி. அப்படி ஒரு வீட்டில் குடியிருக்கும் அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஏன்க்கா, இவ்ளோ வெயில் அடிக்குது, மாடியில சோலார் போடலாமே?"

"மாடி ஓனருது தம்பி. எங்களுக்குக் கீழ்தான்."

சரி, பில் எவ்வளவு வருது என்றேன். "எங்களுக்கு எங்க பில்லு வருது? சப் மீட்டரு. யூனிட்டுக்கு எட்டு ரூபா. அறுபது யூனிட் ஓடும்."

வீட்டுக்கு வந்து அந்த எட்டு ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

திட்டம் என்ன சொல்கிறது? 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் 78,000 தான். அரசு வைத்த அடிப்படை விலைப்படி 3 கிலோவாட்டுக்கு 1,45,000 ஆகும். மானியம் போக நம் கையிலிருந்து 67,000. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 360 யூனிட். பேரிலேயே 'இலவச மின்சாரம்' என்று இருப்பதன் கணக்கு இதுதான்.

புதுச்சேரியில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. முதல் 100 யூனிட் மலிவு, மேலே ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். மாடியில் பேனல் போட்டால் முதலில் கழிவது மேல்படி யூனிட்டுகள். அதாவது அதிக விலை யூனிட்டுகள். ஏசி, ஹீட்டர் எல்லாம் வைத்து மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கக்கூடிய வீட்டுக்குப் போட்ட 67,000 மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும். மாதம் 200 ரூபாய் பில் கட்டும் வீடு ஒரு கிலோவாட் போட்டாலும், மானியம் போகக் கைக்காசு 20,000 திரும்ப எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். யார் அதிகம் செலவழிக்கிறாரோ அவருக்கே லாபம் சீக்கிரம். இதுவரை பலரும் சொன்ன விமர்சனம்தான்.

லைன் வீட்டுக்கு வந்தால்தான் கதை மாறுகிறது. அக்காவுக்கு 60 யூனிட். தனி மீட்டர் இருந்தால் அவர் அடிப்படியைத் தாண்டவே மாட்டார், மலிவு விலையிலேயே முடிந்துவிடும். ஆனால் பத்து அறைக்கும் ஓனர் பெயரில் ஒரே இணைப்பு. 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் மேல்படிக்குப் போய்விடுகிறது. ஏழைக்கென்று வைத்த அந்த முதல் படியை, பத்துக் குடும்பமும் சேர்ந்து ஒரே ஒரு தடவைதான் அனுபவிக்கின்றன. எட்டு ரூபாய் வாங்கும் ஓனரையும் முழுசாகத் திட்ட முடியாது. அவர் பில்லும் அப்படித்தான் வருகிறது.

இப்போது அந்த ஓனர் மாடியில் 3 கிலோவாட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடி அவருடையது, இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது, எல்லாம் முறைப்படிதான். 78,000 கிடைக்கிறது. 600 யூனிட்டில் 360 கழிந்து, 240 யூனிட்டுக்குத்தான் பில். கீழே பத்து அறையிலும் சப் மீட்டர் அதே எட்டு ரூபாயில் ஓடுகிறது: 600 யூனிட், 4,800 ரூபாய். பில் பாதிக்கு மேல் குறைந்தும் வசூல் குறையவில்லை. அக்காவுக்கு ஒரு பைசா மாறவில்லை. ஆனால் டெல்லியில் இருக்கும் கணக்கில் 'ஒரு வீடு பயனடைந்தது' என்று ஏறிவிடும். அந்த ஒரு வீட்டுக்குள் பத்து வீடு இருப்பது எந்தப் பட்டியலிலும் தெரியாது.

என் விமர்சனத்தின் சாரம் இதுதான். நம் மின்சாரக் கொள்கை மீட்டரை எண்ணுகிறது, மாடியை எண்ணுகிறது. மாடியும் மீட்டரும் இல்லாத குடும்பம் கணக்கிலேயே வருவதில்லை.

"வாடகைக்கு இருக்கிறவங்க கொஞ்சப் பேர், மெல்லப் பார்த்துக்கலாம்" என்று ஒரு நண்பர் சொன்னார். தொழிற்பேட்டை ஊர்களில் அது உண்மையில்லை. அதோடு இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. புதுச்சேரிக்குச் சொந்த மின் உற்பத்தி என்று பெரிதாக இருப்பது காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் மட்டும். மற்றபடி நெய்வேலி, ராமகுண்டம், கல்பாக்கம் என்று மத்திய அரசு நிலையங்களிலிருந்து வாங்கித்தான் ஓட்டுகிறோம். அதிகக் கட்டணம் கட்டும் என்னைப் போன்ற வீடுகள் ஒவ்வொன்றாக மாடிக்குப் போய்விட்டால், கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஆகும் செலவை யார் தலையில் வைப்பது? கீழே மிச்சம் இருப்பவர்கள் தலையில்தான். யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்பதாக 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் டெண்டர் வந்தபோது மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விநியோகம் அரசிடம் இருந்தாலும் தனியாரிடம் போனாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

முதல் வேலை தனி மீட்டர். 2003 மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, இடத்தின் உரிமையாளர் 'அல்லது குடியிருப்பவர்' விண்ணப்பித்தால் இணைப்பு தர வேண்டும் என்கிறது. சட்டம் அக்காவைப் பார்த்துவிட்டது, நடைமுறைதான் பார்க்கவில்லை. ஓனர் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பிக்க யாருக்குத் துணிவு வரும்? அடுத்த நாளே அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால்? லைன் வீடுகளுக்கு மின்துறையே முகாம் போட்டு அறைவாரியாக மீட்டர் வைத்தால் அந்தப் பயம் தனி ஆள் மேல் விழாது.

இரண்டாவது, மாடி இல்லாதவருக்கும் பங்கு. வேறொரு இடத்தில் இருக்கும் பேனலில் உற்பத்தியாகும் யூனிட்டைப் பல வீட்டு பில்களில் பங்கு போட்டுக் கழிக்கும் முறை இருக்கிறது. மெய்நிகர் நிகர அளவீடு என்பார்கள். டெல்லி 2019-லேயே இதற்கு விதி வகுத்தது. ஜெர்மனியில் வாடகை வீட்டுக்காரர்களுக்கு மாடி மின்சாரத்தைக் கொடுக்க 2017-ல் தனிச் சட்டமே போட்டார்கள். பால்கனியில் சின்ன பேனல் மாட்டும் உரிமையையும் 2024-ல் வாடகைதாரருக்குக் கொடுத்தார்கள். 'ஓனர் ஒத்துக்கொண்டால்தான்' என்ற இடத்திலிருந்து 'ஓனர் சரியான காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது' என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

சேதராப்பட்டில் இதற்குக் கூரையும் தயார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். 10,000 சதுர அடி தொழிற்சாலை ஷெட் ஒன்று 100 கிலோவாட் தாங்கும். மாதம் 12,000 யூனிட். அக்கா கணக்கில், 200 அறைகளுக்குப் போதும். ஷெட் முதலாளிக்குக் கூரை வாடகை, அறைக்காரருக்கு பில்லில் கழிவு. புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று கரசூர், சேதராப்பட்டில் சுமார் 800 ஏக்கர் எடுத்தார்கள். மண்டலம் வராமல் நிலம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. இனி இந்த ஊரில் யாராவது பெரிய திட்டம் என்று வாய் திறந்தால் சனங்க சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நியாயமான எதிர்வாதம்: அறைக்காரர்கள் விளக்குப் போடுவதே ராத்திரியில், சூரியன் பகலில்தானே? ஆமாம். என் வீட்டிலும் அதே கதைதான். பகலில் மின்துறைக்கு அனுப்பி, ராத்திரி நெய்வேலிக் கரியில் எடுத்ததைத் திரும்ப வாங்கி, தாளில் கழித்துக்கொள்கிறேன். பேட்டரி பரவலாகும்வரை எல்லாருக்கும் இது காகிதக் கணக்குதான். அந்தச் சலுகை எனக்குக் கிடைக்கலாம், அக்காவுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்கு மட்டும் காரணம் கிடையாது.

2070-க்குள் நிகர பூஜ்ஜியம், 2030-க்குள் 500 கிகாவாட் என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா சொன்னது. நல்ல இலக்கு. 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரியைப் புரட்டிப் போட்டதைப் பார்த்த யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் முதலில் ஏறுவது தரைத்தள அறைகளில்தான். மாடியில் இருந்தவர்கள் தப்பித்தோம். காலநிலைக்காகப் போடும் திட்டத்திலும் அதே வரிசை ஏன்?

போன வாரம் அக்காவிடம் தனி மீட்டர், 43-வது பிரிவு பற்றியெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதான் தம்பி. ஓனருகிட்ட நீயே வந்து பேசுறியா?" என்றார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.