தண்டும் வெயிலும்: தொடக்க வகுப்புத் தாவரப் பாடம்

தொடக்க வகுப்புகளில் தாவரங்களைச் சிறுசெடி, புதர்ச்செடி, மரம், ஏறுகொடி, படர்கொடி என்று பிரிப்பது நெடுநாளைய வழக்கம். தண்டின் உயரமும் உறுதியும்தான் அளவுகோல். இதற்கு உருப்பெருக்கி வேண்டாம், கண் போதும். வேம்பு மரம், செம்பருத்தி புதர், கீரை சிறுசெடி, வேலியில் ஏறும் கோவை ஏறுகொடி, தரையில் ஓடும் பூசணி படர்கொடி என்று எட்டு வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். பார்த்துப் பழகும் அறிவியலுக்கு இது நல்ல தொடக்கம்.

ஆனால் மதுரைப் பக்கத்துத் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே அளவுகோல் தடுமாறுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை வீட்டுப் பந்தலில் கொடியாக ஏற்றுகிறார்கள். வயலிலோ கவாத்து செய்து புதராக நிறுத்துகிறார்கள். வாழையை எல்லோரும் மரம் என்கிறார்கள். அதன் தண்டை வெட்டினால் மரக்கட்டை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகள் உரிந்துகொண்டே வருகின்றன. பனையின் கதை இன்னும் சுவையானது. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியலும் பனை, மூங்கில், நெல் மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்களாகவே சேர்க்கிறது. உயரத்தை மட்டும் பார்க்கும் பாடத்தைவிட அந்தப் பழைய பகுப்பு ஆழமாகவே போயிருக்கிறது.

தாவரங்களின் உணவு தயாரிப்பு பற்றிய மற்றொரு பாடத்தில் இலையைச் சமையலறை என்பார்கள். சூரிய ஒளி, நீர், கரியமில வாயு, பச்சையம் என்ற நான்கும் எளிதாக மனத்தில் நிற்கின்றன. எங்கே குறை என்றால், மரத்தின் இத்தனை எடை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழுவதில்லை. உரம்தான் பயிருக்குச் சாப்பாடு என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, தேர்வில் சரியாக எழுதிவிட்டு, வீட்டில் கேட்டதையே நம்பிக்கொண்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற அறிவியலாளர் தொட்டியில் ஒரு வில்லோ கன்றை 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 164 பவுண்டு கூடியது. மண்ணோ வெறும் 2 அவுன்ஸ்தான் குறைந்தது. எல்லாம் நீரால் வந்தது என்று அவர் முடிவு செய்தார். மரத்தின் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. இந்தக் கதையை வகுப்பில் சொல்லியே ஆகவேண்டும்.

இந்த இரு பாடங்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்பதுதான் பெரிய குறை. தாவரத்தின் வடிவம் பெரும்பாலும் வெயிலைப் பிடிக்கும் வழி. மரம் பல ஆண்டு உழைத்துக் கட்டை கட்டி உயர்கிறது. கோவைக்கொடி அந்தச் செலவின்றி வேலியைப் பற்றி ஏறி அதே வெயிலைப் பெறுகிறது. இலைகள் சொற்பமான பிரண்டையிலும் திருகுகள்ளியிலும் பச்சைத் தண்டே உணவு தயாரிக்கிறது. மாமரக் கிளையில் ஒட்டியிருக்கும் புல்லுருவி ஐந்து வகையில் எதிலும் அடங்காது. நீரையும் உப்பையும் மாமரத்திடம் உறிஞ்சி, தன் பச்சை இலையில் தானே சமைத்துக்கொள்கிறது. அதற்குத் தேவையான உயரத்தையும் மாமரமே கொடுத்துவிடுகிறது.