காரணக் கதைகளும் கடலும்: நாகூர் ஆண்டகை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலும் அதனோடிணைந்த தர்காவும் நாகூர் ஆண்டகை எனப் போற்றப்படும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் விளங்குகின்றன. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் அங்கே கொடி ஏற்றப்படுகின்றது, மௌலூது ஓதப்படுகின்றது, கந்தூரிச் சோறு பகிரப்படுகின்றது. ஆயினும் அப்பெரியார் அடங்கியிருப்பது அங்கன்று. 1570ஆம் ஆண்டளவில் மறைந்த அவரது அடக்கத்தலம் கடலுக்கு அப்பால், தமிழகத்து நாகூரில் உள்ளது. அடக்கத்தலம் இல்லாத ஓரிடத்தில் ஒருவரின் நினைவு தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றிருப்பதற்கு எது ஆதாரம்? அவரைப் பற்றி வழங்கும் கதைகளே ஆதாரம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

அக்கதைகளை நாம் எவ்வாறு அணுகுகின்றோம் என்பதை நோக்குமிடத்து இருவேறு மனப்பாங்குகள் புலனாகின்றன. ஒரு சாரார், அவை உண்மையாதலால் ஆராய வேண்டியதில்லை என்பர். மறு சாரார், அவை மார்க்கத்துக்கோ பகுத்தறிவுக்கோ ஒவ்வாதனவாதலால் படிக்க வேண்டியதில்லை என்பர். முரண்பட்ட இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: நூலைத் திறவாமலே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். சமயத் தீர்ப்பு வழங்குவது இலக்கிய மாணவனின் பணியன்று. படித்தலே அவன் பணி.

வரலாறுகள் கூறுமாற்றால், ஷாஹுல் ஹமீது வடஇந்தியாவின் மாணிக்கப்பூரிற் பிறந்தவர். குவாலியரில் முஹம்மது கௌது என்னும் ஞானியிடம் பயின்றவர். மக்கா யாத்திரை முடித்துப் பல நாடுகளும் தீவுகளும் கடந்து நாகூரை அடைந்தவர். இல்லறம் மேற்கொள்ளாது சீடர் குழாத்தோடு வாழ்ந்தவர். இவ்வரலாற்றைச் சேகனாப் புலவர் 1812இல் திருக்காரணப் புராணமாகப் பாடினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1893இல் நாகூர்ப் புராணத்தைச் செய்யுளிலும், 1902இல் கன்ஜுல் கறாமாத்தை உரைநடையிலும் தந்தார். கறாமத்து என்னும் அறபுச் சொல்லுக்குத் தமிழ் முஸ்லிம்கள் வழங்கிய சொல் 'காரணம்' என்பது கருதத்தக்கது. பொது வழக்கில் ஒன்றன் தோற்றத்துக்கு ஏது என்று பொருள்படும் சொல், இங்கே ஏதுவைக் கடந்த அற்புதத்தைக் குறிக்கின்றது. ஒரு சமூகம் தன் சமய அனுபவத்தைத் தமிழின் உள்ளிருந்தே சொல்ல முயன்றதன் அடையாளம் இச்சொல்லாட்சி எனலாம்.

காரணக் கதைகளுள் மிகப் பரவியது கண்ணாடிக் கதை. நாவிதர் ஒருவர் ஆண்டகைக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கின்றார். நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டையாகி அமிழ்ந்துகொண்டிருக்கின்றது. இருந்த இடத்திலேயே அதனை உணர்ந்த ஆண்டகை, கையிலிருந்த கண்ணாடியை வீசுகின்றார். அது சென்று ஓட்டையை அடைத்துக்கொள்கின்றது. அக்கப்பல் ஒல்லாந்தருடையது என்பது மக்கள் வழக்கு. கால ஆராய்ச்சி இங்கே தடை எழுப்புகின்றது. ஒல்லாந்தக் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். மட்டக்களப்புக் கரை அவர்களைக் கண்டது 1602இல். நாகப்பட்டினம் அவர்கள் வசமானது 1658இல். ஆண்டகையின் காலத்தில் அக்கரையில் ஆதிக்கம் செலுத்தியோர் போர்த்துக்கேயர். ஆகவே, இக்கதையின் இன்றைய வடிவம் அவர் மறைந்த பின்னர் உருப்பெற்றதாதல் வேண்டும். இதனாற் கதை பொய்யென்று தள்ளுவது எளிது. ஆனால், கதை நமக்குச் சான்று பகர்வது அவருடைய காலத்துக்கன்று, அதனைச் சொன்னவர்களுடைய காலத்துக்கு என்று கொள்வதே பயனுடையது.

இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்துத் துறவியான புனித கொலும்பா 563இல் கடல் கடந்து ஐயோனாத் தீவில் மடம் நிறுவி 597இல் மறைந்தார். அவர் வரலாற்றை அம்மடத்தின் ஒன்பதாம் தலைவரான அடம்நான் எழுதியது ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னரேயாகும். அந்நூல் கால அடைவிற் செல்லாது, தீர்க்கதரிசனங்கள், அற்புதங்கள், தேவதூதர் காட்சிகள் என மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. அதிலும், கரையில் இருந்தவாறே தொலைவிற் கடற்சுழியில் அகப்பட்ட ஒரு படகின் துயரைக் கொலும்பா அறிந்து கூறுகின்றார். நாகூரும் ஐயோனாவும் ஒன்றையொன்று அறிந்தனவல்ல. கடலுக்குச் சென்றோரை எண்ணிக் கரையிற் காத்திருப்போரின் அச்சமே இரண்டிடத்தும் ஒரே வகைக் கதையைப் பிறப்பித்திருத்தல் கூடும்.

இவ்வகையில் நோக்கும்போது தர்காக்கள் பரவிய நெறியும் தெளிவாகின்றது. சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரையான காலத்தில் எழுந்த நாகூர் தர்காவிலும் பினாங்கிலுள்ள நாகூர் தர்காவிலும் கல்முனைக்குடியிற் போலவே அவருடைய உடல் இல்லை. கடலோடிகளும் வணிகரும் கொண்டு சென்றது கதையையே. நாகூரிலோ 131 அடி உயர்ந்த பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். கதை சமய எல்லையையும் கடந்தது என்பதற்கு இது சான்று.

இந்நூல்களிற் குறைகளும் உள. அற்புதங்கள் அடுக்கடுக்காக வருதலால் மனிதர் மறைந்துபோகின்றார். ஐயமும் தளர்ச்சியும் அறியாத ஒருவரைப் படிப்பவர் வணங்கலாமேயன்றி நெருங்குதல் அரிது. கண்ணாடிக் கதை இவற்றினின்றும் வேறுபட்டு நிற்பதற்குக் காரணம், மழித்தல் போன்ற அன்றாடச் செயல் ஒன்று அதனுள் இடம்பெற்றிருப்பதே.

கடலிற் காக்கும் பெரியாரின் கதை எம் கரையில் ஒரு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் பேரழிவைக் கண்டன. அதன் பின்னர் இக்கதைக்குப் பொருள் உண்டோ என வினவுவது நியாயமே. கதையை மீளப் படித்தால், கடல் தீங்கு செய்யாது என்று அது எவ்விடத்தும் கூறவில்லை. கப்பல் ஓட்டையாவதிலிருந்தே அது தொடங்குகின்றது. தொலைவில், முன்பின் அறியாத, வேற்றுச் சமயத்தவர் அமிழ்வதை உணர்ந்து ஒருவர் தம் செயலை இடைநிறுத்திக் கைக்கு எட்டியதைக் கொடுத்தார் என்பதே அதன் உள்ளீடு. அவ்வுள்ளீட்டை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னர் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இஸ்லாமியத் தமிழிலக்கியத்தைப் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் ம. மு. உவைஸ். அவர் காட்டிய நெறியில், ஏட்டிலுள்ள காரணக் கதைகளோடு எம் கரையின் முதியோர் நாவில் வழங்குவனவும் தொகுக்கப்பட்டு ஒப்பிடப்படல் வேண்டும். பேரலை பல முதியோரையும் கொண்டுசென்றுவிட்டது. எஞ்சியோர் இருக்கும்போதே கேட்டல் எம் கடன்.