நான் கறுப்பு, அண்ணி பச்சை

முதல் எபிசோடின் முதல் காட்சியே ஒரு தேர்தல். கிழவர் ஜெஹேரிஸ் அரசருக்குப் பிறகு யார் என்று முடிவு செய்ய, ஹாரன்ஹால் கோட்டையில் பிரபுக்கள் கூடுகிறார்கள். வம்சத்தில் மூத்தவள் ரேனிஸ். ஆனால் பெண். அவளை ஓரம்கட்டிவிட்டு இளையவன் விசேரிஸுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு பெண்ணை ஒதுக்கியதால் அரியணை ஏறிய அதே விசேரிஸ்தான், மனைவியும் பிறந்த ஆண் குழந்தையும் ஒரே நாளில் செத்துப்போன பிறகு, தன் மகள் ரெனீராவை வாரிசு என்று அறிவிக்கிறான். ஒரே எபிசோடுக்குள் இது எல்லாம் நடந்துவிடுகிறது. ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ என்னை அங்கேயே பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை, விடவும் வேண்டாம்.

2022 ஆகஸ்டில் எச்.பி.ஓ.வில் தொடங்கியது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைக்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடம் முந்தைய கதை. முதல் சீசன் பத்து எபிசோடு, 2024இல் வந்த இரண்டாவது சீசன் எட்டு. இந்தப் பதினெட்டையும் பார்க்காதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். மறைத்துப் பேச எனக்கு வராது.

கதையில் இரண்டு கட்சி. ரெனீரா பக்கம் கறுப்பு. அவளுடைய சிற்றன்னையும் பழைய உயிர்த்தோழியுமான அலிசெண்ட் பெற்ற மகன் ஏகான் பக்கம் பச்சை. இரண்டாவது சீசனுக்கு விளம்பரம் செய்தபோதுகூடக் கறுப்புக்கு ஒரு டிரெய்லர், பச்சைக்கு ஒரு டிரெய்லர் என்று இரண்டாகப் பிரித்து வெளியிட்டு, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். வியாபாரத் தந்திரம்தான், தெரியும். தெரிந்தும் விழுந்தேன். எங்கள் வீட்டில் நான் கறுப்பு, அண்ணி பச்சை, சித்தப்பா யார் பேசினாலும் எதிர்க்கட்சி.

சித்தப்பாவுக்கு இது சொத்து வழக்கு. “முதல்ல எழுதுன உயிலா, கடைசியா எழுதுன உயிலா, எது செல்லும்?” என்று ஆரம்பிப்பார். விசேரிஸ் உயிரோடு இருந்தவரை மாற்றவே இல்லையே சித்தப்பா, எல்லாப் பிரபுக்களும் வந்து சத்தியம் செய்தார்களே என்பேன். “அந்தச் சத்தியம் ஆம்பளைப் புள்ள பொறக்குறதுக்கு முன்னாடி செஞ்சது தம்பி” என்று அண்ணி குறுக்கே வருவார். சரியான பாயிண்ட். ஹாரன்ஹாலில் ஊரே கூடிப் போட்ட முன்மாதிரி ஆணுக்குச் சாதகம், அரசனின் ஆணை மகளுக்குச் சாதகம். இரண்டில் எது பெரிது என்று அந்த நாட்டுச் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. அலிசெண்டோ சாகக் கிடக்கும் கணவன் பழைய தீர்க்கதரிசனத்தில் வரும் ஏகானைப் பற்றி முனகியதை, தன் மகன் ஏகானைச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறாள். மயக்கத்தில் அவன் ரெனீராவிடம் பேசுவதாக நினைத்துத்தான் பேசினான். அலிசெண்ட் பொய் சொல்லவில்லை. மனதார நம்பினாள். அதுதான் கொடுமை.

இது காற்றில் கட்டிய கதையும் இல்லை. இங்கிலாந்தில் முதலாம் ஹென்றியின் ஒரே முறையான மகன் 1120இல் கப்பல் மூழ்கி இறந்தான். ஹென்றி தன் மகள் மட்டில்டாவுக்காகப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1135இல் அவர் கண் மூடியதும் மருமகன் முறையாகிய ஸ்டீபன் ஓடிப்போய் முடிசூட்டிக்கொண்டான். பதினெட்டு வருடம் நாடு பற்றி எரிந்தது. ஒரு கட்டத்தில் ஸ்டீபனையே சிறைப்பிடித்தும், முடிசூட லண்டனுக்கு வந்த மட்டில்டாவை நகரத்தார் விரட்டிவிட்டார்கள். மூலக் கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இந்தச் சண்டையைத்தான் எடுத்து டிராகன்களை ஏற்றிவிட்டார். 2018இல் வந்த அவருடைய ‘ஃபயர் அண்ட் பிளட்’ புத்தகத்தின் அழகு இன்னொன்று. அது நாவல் போல இராது, வரலாற்று நூல் போல இருக்கும். எழுதுகிற கற்பனைப் பண்டிதர், ஒரு குரு சொன்னது இது, அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் சொன்னது அது என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத சாட்சிகளை அடுக்கிவைப்பார். ஒருவர் பச்சைக்குச் சாய்வார், ஒருவர் கறுப்போடு வாழ்ந்தவர். தொடரை எடுத்தவர்கள் இந்தச் சாட்சிகளுக்கு நடுவில் நுழைந்து ‘உண்மையில் நடந்தது இது’ என்று காட்டப் பார்க்கிறார்கள்.

உரிமைச் சண்டை ஒரு கட்டத்தில் சலித்துவிடும். தொடருக்கும் அது தெரிகிறது. இரண்டாவது சீசனில் கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். நாற்காலி யாருடையது என்பது போய், நாற்காலியில் இருப்பவர் என்ன செய்தார் என்று வருகிறது. எங்கள் வீட்டுச் சண்டை உண்மையில் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

ஏகானை எடுத்துக்கொள்ளுங்கள். குடிகாரன், பெண்களிடம் மிருகம். முதல் சீசனில் அவனை வெறுக்காதவர் கிடையாது. அவன் அரசனாகித் தர்பாரில் உட்காருகிறான். ஓர் ஆட்டிடையன் வந்து, டிராகன் தீனிக்கு என்று எடுத்துப்போன என் ஆடுகளைத் திருப்பித் தாருங்கள், குளிர்காலம் வருகிறது என்கிறான். ஏகான் உடனே, கொடுத்துவிடலாமே என்கிறான். பக்கத்தில் நிற்கும் தாத்தா ஆட்டோ ஹைடவர் காதில் கிசுகிசுக்கிறார், ஒருவனுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று. ஏகான் சுருங்கிப்போகிறான். டாம் கிளின்-கார்னி அந்த ஒரு நிமிடத்தில் முகத்தை வைத்துக்கொள்வதைப் பாருங்கள்! பிறந்ததிலிருந்து யாருமே மதிக்காத ஒரு பையன், நாலு பேருக்கு நல்லவனாக இருந்து பார்க்கலாம் என்று முதல்முதலாக ஆசைப்படுகிறான். அடுத்து ஒரு கொல்லன் வருகிறான். டிராகனை அடிக்கும் பெரிய அம்பெறி பொறிகள் செய்கிறோம், இரும்பு விலை ஏறிவிட்டது, முன்பணம் வேண்டும் என்கிறான். ஏகான் சரி என்கிறான். அந்தக் கொல்லனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஹியூ.

நான் கறுப்புக் கட்சிக்காரன். எனக்கு அந்தத் தர்பார் காட்சி பிடித்திருக்கக் கூடாது. பிடித்துத் தொலைந்தது. அதே எபிசோடின் இரவில் ஏகானின் சின்ன மகனை அரண்மனைக்குள் புகுந்து கொல்கிறார்கள். மறுநாள் அவன் செய்வது என்ன? கொலையாளிகளில் ஒருவன் எலி பிடிப்பவன், எவன் என்று தெரியவில்லை. ஆகவே அரண்மனை எலி பிடிப்பவர்கள் அத்தனை பேரையும் கோட்டைச் சுவரில் தொங்கவிடுகிறான். தொங்கும் உடல்களில் ஒன்றின் கீழே அந்த ஆளின் நாய் வந்து உட்காருகிறது. நேற்று ஆட்டைத் திருப்பித் தரத் துடித்தவன்தான் இவன்! “புள்ளையப் பறிகொடுத்தவன் என்னப்பா யோசிப்பான்?” என்று அண்ணி கேட்டார். அந்தக் கேள்விதான் கடைசிவரை எங்களைத் துரத்தியது.

அந்தக் குழந்தைக் கொலையில் ரெனீராவின் பங்கு என்ன? தன் மகன் லூசெரிஸை வாகர் என்ற கிழட்டு டிராகன் வானத்திலேயே கிழித்துப் போட்டதற்கு, அதன்மேல் இருந்த ஏகானின் தம்பி ஏமண்ட் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அந்த ஒற்றை வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் ஆள் பிடித்தவன் அவள் கணவன் டேமன். ஆனாலும் நகரத்தில் இறுதி ஊர்வலம் விட்டு, ரெனீரா கொடுமைக்காரி என்று முரசு அறைகிறார்கள் பச்சையர். இந்த வழக்கில் அவளுக்கு நான் முழு விடுதலை கொடுப்பேன். அண்ணி கொடுக்க மாட்டார். டேமன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாள் என்பார். டேமனோ வைமண்ட் வெலாரியான் என்ற மனிதன் ரெனீராவின் பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள் என்ற, எல்லாருக்கும் தெரிந்த உண்மையைச் சபையில் சொன்னதற்காகத் தலையைச் சீவியவன். உண்மை பேசியவன் தலை உருண்டபோது எங்கள் கட்சி கைதட்டியது. ரேனிஸ் மெலிஸ் டிராகனோடு தரையைப் பிளந்துகொண்டு வந்து ஏகானின் முடிசூட்டு விழாவைக் கலைத்தபோதும் தட்டியது. அந்தப் பிளவில் நசுங்கியவர்கள் வேடிக்கை பார்க்க வந்த ஊர் ஜனம். எதிரே நின்ற அரச குடும்பத்தை எரிக்காமல் விட்டதைப் பெருந்தன்மை என்கிறார்கள். அப்படியானால் ஜனத்தை நசுக்கியதற்கு என்ன பெயர்? என்னிடம் பதில் இல்லை. பிரமாதமான காட்சி, அது மட்டும் தெரியும்.

ரெனீராவின் உண்மையான குற்றம் என்று நான் ஒப்புக்கொள்வது வேறு. அது இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடு. டிராகன் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. அரச ரத்தம் கலந்த வைப்பாட்டிப் பிள்ளைகளை நகரத்திலிருந்து படகில் வரவழைக்கிறாள். டிராகன்களைப் பராமரிக்கும் குருமார்கள், இது தெய்வ நிந்தனை என்று விலகிப் போகிறார்கள். அவள் கேட்கவில்லை. ஏற்கெனவே தன் மெய்க்காவல் தலைவனே இப்படி முயன்று கண் முன்னால் எரிந்து செத்ததைப் பார்த்தவள் அவள். குகைக்குள் வெர்மிதோர் என்ற பேருரு எழுந்து வந்து அவர்களில் பெரும்பாலோரைக் கொளுத்துகிறது. ரெனீரா மேலே நின்று பார்க்கிறாள். எம்மா டார்சியின் கண்ணில் பயம் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது: இவ்வளவு பேரில் ஒருவனாவது தேறுவான் என்ற கணக்கு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே நேரம் வெர்மிதோர் எழுந்த அழகில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேறியவன் யார் தெரியுமா? கொல்லன் ஹியூ!

ஏகான் வாக்குக் கொடுத்த முன்பணம் அவனுக்கு வந்து சேரவே இல்லை. ரெனீராவின் கடல் முற்றுகையால் நகரத்துக்குள் சோறு இல்லை. நோயில் கிடந்த அவன் மகள் செத்துப்போனாள். ஒருவன் வாக்கு மறந்தான், ஒருத்தி பட்டினி போட்டாள், இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் குழந்தை. பிறகு அதே ரெனீரா அரிசி மூட்டை அனுப்புவது போலப் படகுகளில் உணவு அனுப்புகிறாள். கருணையால் இல்லை, நகரத்தில் கலகம் மூட்ட. அதே ரெனீராவின் குகையில் நின்றுகொண்டு ஹியூ, யாரோ ஒரு பெண்ணைக் காப்பாற்ற வெர்மிதோர் முன்னால் மார்பை நிமிர்த்துகிறான். இப்போது அவன் அவளுடைய மிகப்பெரிய படைபலம். அவளால் வெறுங்கையானவன் கையில் அவளே டிராகனைக் கொடுத்திருக்கிறாள். எந்த அரசர் நல்லவர் என்று நாம் வீட்டில் உட்கார்ந்து வாதாடுகிறோம். தொடர் அந்தக் கேள்வியை ஒரு கொல்லனின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! கிட்டத்தட்ட யாரும் கவனிக்காத ஒரு மனுக் காட்சியில் விதைத்து ஆறு எபிசோடு கழித்து அறுக்கிறார்கள்.

(டேமன் ஹாரன்ஹாலில் கனவு கண்டுகொண்டே உட்கார்ந்திருக்கும் பகுதிகள் இழுவை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் மீசை முளைக்காத இளம் பிரபு ஆஸ்கர் டல்லி எல்லார் முன்னிலையிலும், உன் ஆள் செய்த அட்டூழியத்துக்கு உன் கையாலேயே தண்டனை கொடு என்று டேமனை நிறுத்திவைக்கிற காட்சிக்காக மொத்தத்தையும் மன்னித்துவிட்டேன்.)

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். ஏகானும் தம்பி ஏமண்டும் யோசிக்காமல் கொல்கிறார்கள். ரெனீரா யோசித்துவிட்டுக் கொல்கிறாள். எது மோசம்? யோசித்துச் செய்வதுதான் மோசம், தெரிந்தே செய்தவளுக்குத்தான் பாவம் அதிகம் என்று அண்ணி உறுதியாக நிற்கிறார். தர்மக் கணக்கில் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் ஆளப்படுகிறவன். யோசிக்கிறவரிடம்தான் போய்ப் பேச முடியும். ரூக்ஸ் ரெஸ்ட் போரில் சொந்த அண்ணன் இருக்கிறான் என்று தெரிந்தே தீ கக்கச் சொன்ன ஏமண்டிடம், கோபம் வந்தால் ஷார்ப் பாயிண்ட் ஊரையே எரித்துவிட்டு வருகிறவனிடம், யார் போய் என்ன பேசுவது? அலிசெண்டுக்கே அது தெரிந்திருக்கிறது. பெற்ற மகன்களிடம் பேசிப் பயனில்லை என்றுதான் சீசனின் கடைசி எபிசோடில் அவள் கடல் தாண்டி எதிரியான ரெனீராவின் கதவைத் தட்டுகிறாள்.

ஒலிவியா குக்கும் எம்மா டார்சியும் எதிரெதிரே நிற்கும் அந்தக் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். இளவயதில் தோட்டத்து மரத்தடியில் மடியில் தலை வைத்துக் கிடந்த இரண்டு பேர். நகரத்தைத் தந்துவிடுகிறேன், என்னையும் மகளையும் போகவிடு என்கிறாள் ஒருத்தி. மகனுக்கு மகன் வேண்டும், ஏகானின் தலை வேண்டும் என்கிறாள் மற்றவள். நான் பேசிப் பார்க்கலாம் என்று நம்பியிருந்த அரசி இவள்தான். பேசிப் பார்த்ததில் ஒரு தாய் தன் மகனைக் கொடுக்கச் சம்மதிக்கிறாள். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அதற்குள் அங்கே தலைநகர் கிங்ஸ் லாண்டிங்கில் உளவுத் தலைவன் லாரிஸ், உடம்பெல்லாம் வெந்துபோன ஏகானை வண்டியில் ஏற்றி ஊரைவிட்டே கடத்திக்கொண்டிருக்கிறான். கொடுத்தவளுக்கும் தெரியாது, கேட்டவளுக்கும் தெரியாது. இந்த இடத்தில் கொண்டுவந்து சீசனை நிறுத்திய புண்ணியவான்களை என்ன சொல்லித் திட்டுவது!