கெடுவை எந்தக் கடிகாரம் அளக்கிறது?

ஒரு நிரல் மறுமுனையின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று இயங்குதளத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் வரம்பு காலக்கெடு எனப்படும். அதை அளக்க லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள் இருவகைக் கடிகாரங்களைத் தருகின்றன. நாட்காட்டிக் கடிகாரம் 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணித் தேதியும் மணியும் சொல்வது, வெளியிலிருந்து திருத்தத்தக்கது. ஒருபோக்குக் கடிகாரம் முன்னோக்கி மட்டுமே ஓடுவது. அதைப் பின்னுக்குத் தள்ள எவராலும் இயலாது. பட்டாசின் திரி எரிந்து தீரும் நேரம் ஊர் மணியைப் பொறுத்ததன்று, திரியின் நீளத்தையும் எரியும் வேகத்தையும் பொறுத்தது என்பதைப் பட்டாசு செய்யும் திருத்தங்கல்காரர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒருபோக்குக் கடிகாரமும் அத்தகையதே.

ஆயினும் நாட்காட்டிக் கடிகாரத்தில் கெடு வைக்கும் பழக்கம் இன்றும் நீங்கவில்லை. திருத்தங்கலில் ஒரு பட்டாசுக் கடையின் பில் கணினியில் தாய்ப்பலகை பேட்டரி தீர்ந்திருந்தால், மின்தடைக்குப் பின் அது பல ஆண்டுகள் பழைய தேதியோடு எழும். இணையம் கிடைத்ததும் தேதி ஒரே தாவலில் இன்றைக்கு வந்துவிட, முப்பது நொடி காத்திருக்க வேண்டிய நிரல் அக்கணமே கெடு தீர்ந்ததாக முடிவுகட்டும். கடிகாரம் பின்னோக்கித் திருத்தப்பட்டாலோ காத்திருப்புக்கு முடிவே தெரியாது. இந்திய நிறுவனங்களின் கணினிகள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்தியங்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டது. நிகழ்வுப் பதிவேடுகளை ஒப்பிட்டுக் குற்றம் கண்டறிய அது இன்றியமையாதது. ஆனால் ஒத்தியக்கம் என்பதே நாட்காட்டிக் கடிகாரத்தை ஓயாமல் திருத்துவதுதான் என்பதால், கெடு அதை நம்பியிருக்கக் கூடாது என்னும் விதி இன்னும் வலுப்பெறுகிறது.

இவ்விதி மீறப்பட்டதன் விலை 2012-இல் தெரிந்தது. இந்திய நேரப்படி சூலை 1 காலை 5:30-க்குச் சற்று முன் உலக நேரத்தில் ஒரு நெட்டை நொடி (லீப் நொடி) சேர்க்கப்பட்டபோது, லினக்ஸ் கருநிரல் தேதியைத் திருத்திக்கொண்டதே தவிர, நுண்ணளவுக் கெடுக்களைக் கவனிக்கும் தன் உறுப்புக்கு அதைத் தெரிவிக்கவில்லை. ஒரு நொடிக்கும் குறைவான கெடுக்கள் வைத்தவுடனே தீர்ந்துபோக, ஜாவா நிரல்களும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களும் உறங்க வேண்டிய நேரத்தில் ஓயாது சுழன்று செயலியைத் தின்றன. கணினியின் அன்றைய தேதியை எடுத்து அப்படியே மறுபடி பதிந்ததும் பல சேவையகங்கள் அடங்கின. பிழை எங்கிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒருபோக்குக் கடிகாரத்துக்கும் குறையுண்டு. லினக்ஸில் கணினி உறங்கும் நேரத்தை அது கணக்கில் கொள்வதில்லை. அதையும் எண்ணும் தனிக் கடிகாரம் 2011-இல்தான் சேர்க்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சி 2018-இல் நடந்தபோது, உறங்கி எழுந்த கணினிகளில் சேவைகளின் கெடுக்கள் தீர்ந்துவிட்டதாகக் கணக்காகி அவை நிறுத்தப்பட்டதால், சில வாரங்களிலேயே மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது சரியே: எந்தக் காத்திருப்பு உறக்கத்தையும் எண்ண வேண்டும் என்பது நிரலுக்கே தெரியும்.

கடிகாரம் சரியாக அமைந்தாலும், பதில் இன்னும் வரவில்லை என்பதற்கு மேல் கெடு எதையும் சொல்வதில்லை. தீபாவளி நெரிசலில் யுபிஐ பதில் தாமதித்து, பணம் வங்கியில் கழிந்த பின்னும் கடைக்காரர் திரையில் கெடு தீரலாம். அதைத் தோல்வி எனப் பதிந்து மறுபடி பணம் கேட்கும் நிரல் வாடிக்கையாளரிடம் இருமுறை வசூலிக்கும். அதே பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு நிலையை விசாரிக்கும் பொறுப்பை எந்த இயங்குதளமும் நிரலாளருக்காக ஏற்பதில்லை.